மெலிவதற்கு ஹோர்மோன் ஊசியா? எச்.சி.ஜி. டயட் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

கடந்த வருடம் ஒரு நாள் என் தங்கச்சி நான் வேலை செய்யும் மருந்தகத்துக்கு வந்தாள். மகளுக்குக் கலியாணத் திகதி குறித்தாயிற்று, இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. "நானா, மெலியிறதுக்கு ஒரு ஊசி இருக்காமே. பிள்ளை கிடைக்காதவங்களுக்குப் போடுற அதே ஊசியாம். ஒங்கட பாமசில இருக்கிறதுதானே, எடுத்துத் தாங்களேன்" என்றாள்.

அவள் கேட்டது எச்.சி.ஜி. என்ற ஹோர்மோன் ஊசியை. வைத்தியரின் துண்டு இல்லாமல் தர முடியாது, அது மெலிவதற்கான மருந்தும் அல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடையில் அன்று சனம் அதிகம். ஏன் தர முடியாது, அந்த ஊசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று பத்து நிமிடம் உட்கார வைத்து விளக்கியிருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை.

ஊசி கிடைக்காததால் அவர்கள் பேஸ்புக் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, அதே பெயரில் விற்கப்படும் துளிமருந்தை வரவழைத்தார்கள். நாக்குக்கு அடியில் பத்துத் துளி, நாளொன்றுக்கு 500 கலோரி சாப்பாடு. மூன்றாவது வாரத்தில் என் மருமகள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இரண்டு நாட்களில் தேறி வீடு வந்தாள்.

அன்று நான் சொல்லாமல் விட்ட விளக்கத்தை இன்று எழுதுகிறேன். என் தங்கச்சியைப் போல் கேட்பவர்கள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள்.

எச்.சி.ஜி. என்றால் என்ன?

ஒரு பெண் கருவுற்றதும் சூல்வித்தகம் உருவாகும்போது சுரக்கும் ஹோர்மோன் இது. வீட்டில் சிறுநீரை வைத்துச் செய்யும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டியில் இரண்டு கோடு தெரிவது இந்த ஹோர்மோன் சிறுநீரில் இருப்பதால்தான். மருந்தாகப் பயன்படும் எச்.சி.ஜி.யும் நீண்ட காலமாகக் கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டு வருகிறது. ஆய்வுகூடத்தில் மரபணுத் தொழில்நுட்பத்தால் தயாரிக்கப்படும் வகையும் உண்டு.

இதற்கு உண்மையான மருத்துவப் பயன்கள் இருக்கின்றன. குழந்தைப் பேறுக்கான சிகிச்சையில் கருமுட்டை வெளியாவதைத் தூண்டுவதற்கும், சிறுவர்களுக்கு விதைகள் உரிய இடத்துக்கு இறங்காத நிலையில் சிலருக்கும், ஆண்களில் குறிப்பிட்ட சில ஹோர்மோன் குறைபாடுகளுக்கும் வைத்தியர்கள் இதைத் தருகிறார்கள். அந்த இடத்தில் இது பெறுமதியான மருந்து. உடல் மெலிவதற்கு என்று வரும்போதுதான் கதை மாறுகிறது.

இந்த டயட் எங்கிருந்து வந்தது?

ஏ.ரி.டபிள்யூ. சிமியன்ஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் இதன் பிதா. அவர் நீண்ட காலம் இந்தியாவில் பணியாற்றியவர். அங்கே ஹோர்மோன் குறைபாடு காரணமாகப் பருத்திருந்த சிறுவர்களுக்குச் சிறிய அளவில் எச்.சி.ஜி. கொடுத்தபோது அவர்களின் பசி குறைந்து உடலமைப்பு மாறியதாக அவர் கண்டார். வயிறு நிறையச் சாப்பாடு இல்லாத ஏழைக் கர்ப்பிணிகளும் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுவதைப் பார்த்து, இந்த ஹோர்மோன் தாயின் உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்துச் சக்தியாக்குகிறது என்று முடிவு கட்டினார்.

பின்னர் ரோம் நகரில் இருந்துகொண்டு இந்த முறையை நடத்தினார். 1954ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ சஞ்சிகையில் தனது அவதானங்களை வெளியிட்டார். அவரது முறை இதுதான்: நாள்தோறும் 125 அலகு எச்.சி.ஜி. ஊசி, கூடவே நாளொன்றுக்கு 500 கலோரி உணவு. காலையில் வெறும் தேநீர் அல்லது கோப்பி. பகலுக்கும் இரவுக்கும் 100 கிராம் கொழுப்பில்லாத இறைச்சி அல்லது மீன், ஒரு வகை மரக்கறி, ஒரு சிறு ரொட்டித் துண்டு, ஒரு பழம். எண்ணெய் கூடவே கூடாது. முகத்துக்குப் பூசும் கிறீம் கூடத் தடை. அதிகபட்சம் 40 ஊசிகள்.

500 கலோரி என்பது எவ்வளவு? நம் வீடுகளில் பகலுக்கு ஒருவர் உண்ணும் ஒரு கோப்பை சோறும் கறியும் பெரும்பாலும் இதைவிடக் கூடுதலான கலோரி கொண்டது. அந்த ஒரு கோப்பையை விடக் குறைவானதை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை ஓட்ட வேண்டும்.

"நான் மெலிந்தேனே!" என்பவர்களுக்கு

இந்த டயட்டைச் செய்து பத்துக் கிலோ குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் குறைத்தது எது என்பதுதான் கேள்வி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,800 கலோரி தேவை என்று வைத்துக்கொள்வோம். அவர் 500 மட்டும் உண்டால் நாளொன்றுக்கு 1,300 கலோரி பற்றாக்குறை. 40 நாட்களில் 52,000. உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆறரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. முதல் வாரத்தில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாச்சத்து கரையும்போது அதனுடன் சேர்ந்திருந்த நீரும் வெளியேறும். தசையும் கொஞ்சம் கரையும். எல்லாம் சேர்ந்து தராசில் எட்டு, பத்துக் கிலோ குறைவது ஆச்சரியமே இல்லை.

இந்தக் கணக்கில் ஹோர்மோனுக்கு இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஊசி இல்லாமல் 40 நாள் பட்டினி கிடந்தாலும் இதே நிறைதான் குறையும்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

இதைச் சோதிப்பதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் அதே 500 கலோரி உணவைக் கொடுத்து, பாதிப் பேருக்கு எச்.சி.ஜி. ஊசியும் மற்றப் பாதிக்கு வெறும் உப்புநீர் ஊசியும் போட வேண்டும். யாருக்கு எது என்பது போடுபவருக்கும் தெரியக்கூடாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியக்கூடாது.

1973இல் அமெரிக்காவில் 40 பெண்களை வைத்துச் செய்த இப்படியான ஆய்வொன்று எச்.சி.ஜி.க்குச் சாதகமாக வந்தது. விற்பவர்கள் இன்றும் தூக்கிக் காட்டுவது இதைத்தான். ஆனால் 1976இல் 51 பெண்களை வைத்து அதே ஆய்வைத் திரும்பச் செய்தபோது இரு பிரிவினருக்கும் இடையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நிறை குறைவதிலும் இல்லை, பசியிலும் இல்லை. அதே வருடம் வெளியான, 200க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்விலும் அதே முடிவுதான்.

1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த 24 ஆய்வுகளைத் திரட்டித் தரம் பார்த்தார்கள். அவற்றில் ஓரளவு தரமானவை 12. அந்தப் பன்னிரண்டில் எச்.சி.ஜி. பயன் தருகிறது என்று சொன்னது ஒன்றே ஒன்று. இந்த ஹோர்மோன் நிறையைக் குறைப்பதில்லை, கொழுப்பை இடம் மாற்றுவதில்லை, பசியை அடக்குவதுமில்லை என்பதே அவர்களின் தீர்ப்பு.

அதற்கு இருபது வருடங்களுக்கு முன்னரே, 1970களின் நடுப்பகுதியில், அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் எச்.சி.ஜி. மருந்தின் உறையில் இது உடற்பருமனுக்குப் பயன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்று அச்சிட வேண்டும் எனக் கட்டாயப்படுத்திவிட்டது.

செத்த பாம்பு திரும்ப எழுந்த விதம்

இத்தோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2007இல் கெவின் ட்ரூடோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விற்பனையாளர் இந்த டயட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மருந்துக் கம்பனிகளும் அரசாங்கமும் உங்களிடம் மறைக்கும் இரகசியம் என்பதுதான் அவரது விளம்பரத்தின் சாரம். புத்தகம் இலட்சக்கணக்கில் விற்றது. அதில் உள்ளதைத் தவறாகச் சித்திரித்து விளம்பரம் செய்தார் என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. நீதிமன்றம் 37 மில்லியன் டொலருக்கு மேல் செலுத்தும்படி உத்தரவிட்டது. நீதிமன்ற அவமதிப்புக்காக 2014இல் அவருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

ஆள் சிறைக்குப் போனாலும் வியாபாரம் போகவில்லை. ஊசிக்கு வைத்தியர் வேண்டும் என்பதால் துளிமருந்தும் மாத்திரையும் ஸ்பிரேயும் வந்தன. 2011 டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் இவற்றை விற்ற ஏழு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார்கள். இவை சட்டவிரோதமானவை என்பது அவர்களின் அறிவிப்பு. அங்கே தடுக்கப்பட்ட அதே வகைப் பொருட்கள்தான் இன்று இணையத்தில் மற்ற நாடுகளின் வாசலைத் தட்டுகின்றன.

துளிமருந்துக்குள் என்ன இருக்கிறது?

எச்.சி.ஜி. ஒரு பெரிய புரத மூலக்கூறு. 237 அமினோ அமிலங்கள் கோத்த இரட்டைச் சங்கிலி. வாய்வழியாகப் போனால் நாம் உண்ணும் முட்டை, இறைச்சி போலவே அதுவும் செரித்துவிடும். அதனால்தான் வைத்தியர்கள் இதை ஊசியாகவே தருகிறார்கள்.

ஹோமியோபதி என்ற பெயரில் வரும் துளிகளில் ஹோர்மோன் மீண்டும் மீண்டும் நீர்க்கப்பட்டிருப்பதால் சொல்லத்தக்க அளவு எதுவும் மிஞ்சாது. இப்படியான துளிகள் பலவற்றில் அல்கஹோல் கலப்பது வழமை என்பதையும் நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும். என் மருமகள் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கியது ஒரு சின்னப் போத்தல் தண்ணீரையும் கூடவே ஒரு பட்டினிப் பட்டியலையும்தான்.

ஆபத்துகள்

இதில் இரண்டு வகை ஆபத்து உண்டு. ஒன்று பட்டினியால் வருவது, மற்றது ஹோர்மோனால் வருவது.

பட்டினியால் வருபவை:

1. பித்தப்பைக் கல். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேகமாக நிறை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகரிக்கிறது.

2. உப்புச் சமநிலை குழம்புதல். பொட்டாசியம், சோடியம், மக்னீசியம் ஆகியவை குறைந்தால் தசைகள் சோர்ந்துபோகும், தலை சுற்றும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். 1977, 78 காலப்பகுதியில் அமெரிக்காவில் மிகக் குறைந்த கலோரி கொண்ட திரவப் புரத டயட் ஒன்று பிரபலமானபோது 50க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகின. அவர்களில் சிலர் முன்னர் எந்த இதய நோயும் இல்லாதவர்கள்.

3. தசை இழப்பு. கரைவது கொழுப்பு மட்டுமல்ல. தசையும் போகும். முடி கொட்டும், மாதவிடாய் தவறும்.

4. நீரிழிவு நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்களில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற மாத்திரை குடிப்பவர் அல்லது இன்சுலின் போடுபவர் மருந்தைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் இரத்தத்தில் சீனி சடுதியாக விழும். தூக்கத்திலேயே சுயநினைவு தப்பலாம். பிரஷருக்காகச் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை குடிப்பவர்களுக்குப் பொட்டாசியம் இன்னும் வேகமாகக் குறையும்.

ஹோர்மோன் ஊசியால் வருபவை:

1. தலைவலி, எரிச்சல், மனச்சோர்வு, உடலில் நீர் தேங்குதல்.

2. ஆண்களுக்கு மார்பு பெருத்தல்.

3. பெண்களுக்குச் சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குதல்.

4. இரத்தக் கட்டி. இந்த டயட்டில் இருந்த பெண்ணொருவருக்குக் காலிலும் நுரையீரலிலும் இரத்தம் கட்டியது 2013இல் மருத்துவ சஞ்சிகையில் பதிவாகியுள்ளது.

5. கர்ப்பப் பரிசோதனை பொய்யாகக் கர்ப்பம் என்று காட்டுதல். புதிதாகத் திருமணமான ஒரு பெண்ணுக்கு இது எத்தகைய குழப்பத்தைத் தரும் என்று யோசித்துப் பாருங்கள்.

"நோன்பு பிடிக்கிறோமே, இதில் என்ன?"

என் தங்கச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. நோன்பில் சாப்பாட்டு நேரம் மாறுகிறதே தவிர, சஹரும் இப்தாரும் இரவுச் சாப்பாடும் சேர்ந்து உடலுக்குத் தேவையானதைக் கொடுத்துவிடலாம். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது. நாற்பது நாளும் தேவையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கொடுக்காமல் உடலை வருத்துவது வேறு விடயம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

போன நிறை ஏன் திரும்பி வருகிறது?

உணவு திடீரெனக் குறைந்தால், பஞ்சம் வந்துவிட்டது என்பது போல உடல் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக வேகமாக நிறை குறைத்த 14 பேரை ஆறு வருடங்களின் பின் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் உடல், அவர்களின் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. பெரும்பாலானோருக்கு இழந்த நிறையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

என் மருமகளின் கலியாணம் குறித்த திகதியில் நல்லபடியாக நடந்தது. குறைந்த ஏழு கிலோவும் அடுத்த ஐந்து மாதத்தில் திரும்ப வந்தது. கொட்டிய முடி இன்னும் முழுமையாக வரவில்லை.

மற்ற ஹோர்மோன் மருந்துகள்

தைரொக்சின் மாத்திரையை மெலிவதற்காகக் கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். தைரொயிட் குறைபாடு இல்லாதவர் இதைக் குடித்தால் இதயம் படபடக்கும், துடிப்பு ஒழுங்கு தவறும், நாளடைவில் எலும்பு தேயும். உடற்பருமனுக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது என்பது மருந்தின் உறையிலேயே இருக்கும் எச்சரிக்கை.

இப்போது பேசப்படும் செமக்ளுடைட் ஊசி வேறு வகை. குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.1 என்ற ஹோர்மோனை ஒத்தது. இதற்கு உண்மையான சான்று இருக்கிறது. 2021இல் வெளியான, 1,961 பேர் பங்கேற்ற ஆய்வில் 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீதம் நிறை குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது இரண்டரைச் சதவீதமளவே. ஆனால் ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. வாந்தி, வயிற்றோட்டம், பித்தப்பைப் பிரச்சினை, அரிதாகக் கணைய அழற்சியும் உண்டு. இதன் போலி மருந்துகள் சந்தையில் உலவுவதாக உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து இது, பார்சலில் வரவழைக்கும் சாமான் அல்ல.

குறைந்த கலோரி உணவு எப்போதும் தவறு என்றும் நான் சொல்லவில்லை. பிரித்தானியாவில் நீரிழிவு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 850 கலோரி அளவில், சத்துகள் சமப்படுத்தப்பட்ட உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதமானோர் மருந்தில்லாமலே சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே நீரிழிவு மாத்திரைகளை முதல் நாளே நிறுத்தினார்கள், தாதியரோ உணவு ஆலோசகரோ தொடர்ந்து கண்காணித்தார்கள், பின்னர் உணவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். துளிமருந்து விற்பவர் இவற்றில் எதையும் செய்வதில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

முதலில், மெலிய வேண்டிய தேவை உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசிய நாட்டவர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினால் கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்ன அளவு. மாப்பிள்ளை வீட்டாரின் கண் அளவுகோல் அல்ல.

இலக்கைச் சிறிதாக வையுங்கள். அமெரிக்காவில் 3,000க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஆய்வில், நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதுமே இலக்கு. அதுவே நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதத்தால் குறைத்தது. 80 கிலோ உள்ள ஒருவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோதான்.

நாளுக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் அதிலேயே 160 கலோரி. அதிலிருந்து தொடங்கலாம். சோற்றுக் கோப்பையில் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்குங்கள். சஹன் சாப்பாடும் வட்டிலப்பமும் விசேஷத்துக்கு மட்டும் இருக்கட்டும். வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம்.

மெலிவதற்கு என்று யாராவது மருந்து தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவானதா? இதை எனக்கு எழுதித் தரும் வைத்தியர் யார்? எனக்கு ஏதும் நடந்தால் யாரிடம் போவது? மூன்றில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே யாராவது இந்த டயட்டில் இருந்தால், நெஞ்சு படபடப்பு, மயக்கம், வலது விலாவுக்குக் கீழ் கடும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்செடுக்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். என்ன எடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தில் மறைத்ததால் என் மருமகளுக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க அரை நாள் போனது.

என்னைப் போன்று மருந்தகங்களில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இல்லை" என்று சொல்லி அனுப்பினால் கடமை முடிந்துவிடாது. நாம் விளக்காமல் விட்ட இடத்தை விளம்பரம் நிரப்பிவிடும். பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசுவோம். அந்தப் பத்து நிமிடத்தை நான் என் சொந்தத் தங்கச்சிக்கே கொடுக்கவில்லை என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.